அனுபவம் யாருக்கு?

ஒரு சொல்லோடு எனக்குச் சண்டை. ஆளோடு சண்டை போட்டால் அந்த ஆள் ஒருவன்தான் திருப்பி அடிப்பான். சொல்லோடு போட்டால் அதை வைத்துப் பிழைக்கிறவர்கள் எல்லோரும் சேர்ந்துகொண்டு அடிப்பார்கள். தெரிந்துதான் இறங்குகிறேன்.

சொல் இன்னதென்று முதலிலேயே சொல்லிவிடுகிறேன்: எக்ஸ்பீரியன்ஸ். தமிழில் அனுபவம் என்கிறோம். இரண்டும் இன்று நம் வாயில் புழங்குகிற அளவுக்கு உப்பும் புளியும்கூடப் புழங்குவதில்லை. இவ்வளவு பேர் வாயில் புரண்ட பிறகு அந்தச் சொல்லுக்குள் ஏதாவது மிச்சம் இருக்கிறதா என்பதே என் கேள்வி.

சண்டை தொடங்கிய இடம் திருவண்ணாமலை பஸ் நிலையம். கீழ்பென்னாத்தூரில் என் சிறிய தாயார் வீடு இருக்கிறது. வருஷத்துக்கு ஒரு முறை, எழுத்து ஓடாத நாட்களில், அங்கே போய் நாலைந்து நாள் இருந்துவிட்டு வருவது என் வழக்கம். போன தடவை செஞ்சி பஸ்ஸுக்காகக் காத்துக்கொண்டிருந்தபோது ஒரு பையன் என் கையில் ஒரு துண்டுப் பிரசுரத்தைத் திணித்தான். ஏதோ ஒரு தங்கும் விடுதியின் விளம்பரம். வழவழப்பான காகிதத்தில் நாலு வரிகள்: மௌன அனுபவம், கிரிவல அனுபவம், மூலிகை அனுபவம், கிராமத்து அனுபவம். ஒவ்வொன்றுக்கும் நேராக ஒரு தொகை. நாலாவதற்குக் கீழே, வயலில் இறங்கி வேர்க்கடலை பிடுங்கலாம் என்று ஆசை காட்டியிருந்தார்கள்.

மலையைச் சுற்றிவர 14 கிலோமீட்டர். கால் உள்ளவன் எவனும் காசில்லாமல் சுற்றலாம். பல நூற்றாண்டுகளாக ஜனங்கள் சுற்றிக்கொண்டுதான் இருக்கிறார்கள். அவர்களில் யாரும் தாம் ஓர் அனுபவத்தை வாங்குவதாக நினைத்ததில்லை. வேண்டுதல் இருந்தது, சுற்றினார்கள். கால் வலித்தது, உட்கார்ந்தார்கள். மௌனத்துக்கு விலை வைப்பது அதைவிட விநோதம். வாயை மூடிக்கொள்வதற்கு நாம் காசு கொடுக்கவேண்டும்! ஆனாலும் இவை இரண்டையும் மன்னித்துவிடலாம். என்னை உறுத்தியது அந்த வேர்க்கடலை.

காரணம், கீழ்பென்னாத்தூரில் எனக்கு ஓர் ஆயாவைத் தெரியும். உறவு ஒன்றுமில்லை. சித்தி வீட்டுக்குப் பின்னால் குடியிருக்கிறவள். எழுபதைத் தாண்டிய வயது. அந்தப் பக்கத்தில் வேர்க்கடலைக்கு மல்லாட்டை என்று பெயர். ஆயா தன் ஆயுளில் முக்கால் பங்கை மல்லாட்டையோடுதான் கழித்திருக்கிறாள். ஆடியில் மழை விழுந்தால் விதைப்பு. செடி பூத்து, விழுது மண்ணுக்குள் இறங்குவதற்கு முன்னால் களை எடுத்தாக வேண்டும். இறங்கிய பின் மண்ணைக் கிளறினால் காய் பிடிக்காது. நூறு நாள் கடந்ததும் அங்கொரு செடி இங்கொரு செடியாகப் பிடுங்கி, காயை உடைத்து, ஓட்டின் உள்பக்கத்தைப் பார்ப்பாள். வெள்ளையாக இருந்தால் இன்னும் பிஞ்சு. கறுத்திருந்தால் முற்றிவிட்டது, மறுநாளே ஆள் இறக்கலாம். மறுபடி விதைக்க எடுத்து வைத்ததை இயந்திரத்தில் போடமாட்டாள். பருப்பு நசுங்கினால் முளைப்புக் கெடும் என்று கையாலேயே உடைப்பாள்.

இதெல்லாம் எனக்கு எப்படித் தெரியும் என்றால், கேட்டு எழுதிக்கொண்டேன். அன்று சாயங்காலம் ஆயாவின் திண்ணையில் உட்கார்ந்து, நோட்டுப் புத்தகத்தை விரித்து, எழுத்தாளனுக்கே உரிய அசட்டுப் பணிவோடு சொன்னேன்: "ஆயா, உங்க அனுபவத்தை எல்லாம் சொல்லுங்க. நான் எழுதணும்."

ஆயா என்னை ஒரு தினுசாகப் பார்த்தாள்.

"அனுபவமா? அது பத்திரம் வெச்சிருக்கிறவங்களுக்குத்தானே தம்பி? நான் பட்டதை வேணும்னா சொல்றேன்."

அவள் விளையாட்டாகப் பேசவில்லை. சொல்லை அவளுக்குத் தெரிந்த பொருளில் எடுத்துக்கொண்டாள். 'அந்த நிலம் யார் அனுபவத்திலே இருக்கு?' என்றுதான் கிராமத்தில் கேட்பார்கள். கிரயப் பத்திரத்தை எடுத்துப் பாருங்கள்: இன்று முதல் தாங்களே சர்வ சுதந்திரமாய் ஆண்டு அனுபவித்துக்கொள்ள வேண்டியது என்று எழுதியிருக்கும். நிலம் இன்னார் கையில் இருக்கிறது என்பதற்கு வாங்குகிற சீட்டுக்கு அனுபோகச் சான்று என்று பெயர். ஆக, அனுபவம் என்பது உரிமையாளனின் காரியம். ஆயாவும் அவள் புருஷனும் முப்பது வருஷத்துக்கு மேல் இரண்டு ஏக்கரை வாரத்துக்குப் பயிர் செய்தார்கள். எல்லாம் வாய்ப் பேச்சு. பயிரிடும் குத்தகைதாரரைக் காப்பாற்ற 1955-ல் ஒரு சட்டம் வந்தது. குத்தகை உரிமையைப் பதிவு செய்ய 1969-ல் இன்னொரு சட்டம் வந்தது. இரண்டும் அந்த இரண்டு ஏக்கர் வரப்பை மிதிக்கவில்லை. புருஷன் போனான், பிறகு நிலக்காரர் நிலத்தை விற்றார். வாங்கியவருக்குப் பத்திரத்தில் அனுபவம் எழுதிக் கொடுக்கப்பட்டது. இப்போது அங்கே எண் போட்ட மனைக் கற்கள் நிற்கின்றன. வாங்கியவர் அந்த மண்ணில் ஒரு நாளும் கால் வைத்ததில்லை. அனுபவம் அவருடையது. பட்டது ஆயா.

இந்த ஒரு வாக்கியம் என்னைச் சும்மா இருக்கவிடவில்லை. சென்னைக்குத் திரும்பியதும் அகராதிகளை இறக்கினேன்.

ஆங்கிலச் சொல்லின் பிறப்பைப் பாருங்கள். எக்ஸ்பீரியன்ஸ் என்பது லத்தீன் மொழியிலிருந்து பிரெஞ்சு வழியாக ஆங்கிலத்துக்குப் பதினான்காம் நூற்றாண்டில் வந்து சேர்ந்தது. எக்ஸ்பெரீரி என்ற லத்தீன் வினை அதன் தாய். பொருள்: முயன்று பார்த்தல், சோதித்து அறிதல். சோதனைச் சாலையில் நடக்கும் எக்ஸ்பெரிமெண்டும், நிபுணனைக் குறிக்கும் எக்ஸ்பர்ட்டும் அதன் உடன்பிறப்புகள். ஆதியில் எக்ஸ்பீரியன்ஸ் என்றாலும் எக்ஸ்பெரிமெண்ட் என்றாலும் ஆங்கிலேயனுக்கு ஒன்றுதான். பிற்பாடுதான் பாகப் பிரிவினை நடந்தது.

இதோடு நின்றால் ஆச்சரியமில்லை. அந்த வினைக்குள்ளே இருக்கிற வேர்தான் அபாயத்தைக் குறிக்கும் பெரில் என்ற சொல்லையும் பெற்றிருக்கிறது. லத்தீனில் பெரிகுலும் என்றால் சோதனை என்றும் பொருள், ஆபத்து என்றும் பொருள். அச்சத்துக்கு ஆங்கிலேயன் சொல்லுகிற சொல்லும் தூரத்துப் பங்காளி. கிரேக்கத்தில் அதே வேர் முயற்சி என்ற பொருளில் வந்து, கடற்கொள்ளைக்காரனுக்குப் பைரட் என்ற பெயரைக் கொடுத்தது. துணிந்து பாய்கிறவன் என்று அர்த்தம். ஆபத்து, அச்சம், கொள்ளைக்காரன் — இந்தக் குடும்பத்திலே பிறந்த பெண்ணுக்குத்தான் இன்று பன்னீர் தெளித்து, விடுதி வாசலில் வரவேற்புக்கு நிறுத்தியிருக்கிறார்கள்!

சொல் ஆங்கிலத்துக்கு வந்த புதிதில் அது எப்படிப்பட்டவர் வாயில் இருந்தது என்பதற்கு ஒரு சாட்சி உண்டு. சாசர் என்ற கவிஞர் பதினான்காம் நூற்றாண்டின் கடைசியில் கேண்டர்பரிக் கதைகளை எழுதினார். அதுவும் ஒரு யாத்திரைக் கதைதான். கோயில் ஊருக்குப் போகிற வழியில் ஆளுக்கொரு கதை சொல்லுகிறார்கள். அவர்களில் துணி நெய்கிற ஒரு பெண்பிள்ளை இருக்கிறாள். பாத் என்ற ஊர்க்காரி. ஐந்து புருஷர்களைக் கட்டி ஐந்து பேரையும் அடக்கம் பண்ணியவள். அவள் வாயைத் திறந்து சொல்லுகிற முதல் சொல்லே எக்ஸ்பீரியன்ஸ்தான். கல்யாணத்தின் துன்பத்தைப் பற்றிப் பேசச் சாஸ்திரம் படித்த ஆண்களைவிடத் தனக்கு அதிக உரிமை உண்டு, ஏனென்றால் தான் அதைப் பட்டவள் என்பது அவள் கட்சி. ஏட்டுச் சுரைக்காய் கறிக்கு உதவாது என்று நம் ஊரில் சொல்லுகிறோமே, அதே வழக்கு. படித்தவன் அதிகாரத்துக்கு எதிராகப் பட்டவள் ஓங்கிய ஆயுதமாக இருந்தது அந்தச் சொல்.

ஆயுதம் அலங்காரப் பொருளானது எப்போது? ஒரே நாளில் ஆகவில்லை. அறிஞர்கள் அதை நல்ல எண்ணத்தோடுதான் மென்மைப்படுத்தினார்கள். வில்லியம் ஜேம்ஸ் 1902-ல் சமய அனுபவத்தின் வகைகளைப் பற்றிப் பெரிய புத்தகம் ஒன்று போட்டார். அருமையான புத்தகம், ஆனால் அதற்குப் பிறகு, உள்ளே ஏதோ ஒன்று சிலிர்த்தால் அதுவே அனுபவம் என்று நினைக்கிற கூட்டம் பெருகியது. கடைசி அடியைக் கொடுத்தவர்கள் வியாபார சாஸ்திரிகள். 1998-ல் ஹார்வர்ட் பிசினஸ் ரிவ்யூ என்ற பத்திரிகையில் ஜோசப் பைன், ஜேம்ஸ் கில்மோர் என்ற இரண்டு பேர் ஒரு கட்டுரை எழுதினார்கள். குழந்தையின் பிறந்தநாள் கேக்கைத்தான் உதாரணமாகக் காட்டினார்கள். ஒரு காலத்தில் தாய் மாவும் சர்க்கரையும் வெண்ணெயும் முட்டையும் வாங்கித் தானே செய்தாள். செலவு சில்லறைக் காசு. பிறகு கலந்து வைத்த மாவுப் பொட்டலம் வந்தது. பிறகு கடைக் கேக்கு. கடைசியில் கொண்டாட்டத்தையே ஒரு கம்பெனியிடம் ஒப்படைத்து, கேக்கை இனாமாக வாங்கிக்கொள்கிறாள். ஒவ்வொரு படியிலும் விலை ஏறுகிறது. ஆகவே பொருளை விற்காதே, சேவையை விற்காதே, அனுபவத்தை விற்றுப் பணம் பண்ணு என்பது உபதேசம்.

அந்தக் கணக்கில் ஒரு ஓட்டை இருப்பதைக் கவனித்தீர்களா? படிப்படியாக விலை ஏற ஏற, தாய்க்குக் கை சுடுவது குறைந்துகொண்டே வருகிறது. முதல் படியில் அவள் கேக்கைத் தீய்த்தாள். அடுத்த வருஷம் தீய்க்கவில்லை. கடைசிப் படியில் அவளுக்குத் தீய்ப்பதற்கு ஒன்றுமில்லை, கற்பதற்கும் ஒன்றுமில்லை. லத்தீன்காரன் எதை அனுபவம் என்றானோ அது முழுக்க ஒழிந்துபோன இடத்தில்தான் வியாபாரி அனுபவம் என்று பலகை மாட்டுகிறான்.

இங்கே என் இலக்கிய நண்பர் ஒருவர் குறுக்கிடுவார், குறுக்கிட்டும் இருக்கிறார். "ஐயா, ஆங்கிலச் சொல்லுக்கு இத்தனை ஆழம் உண்டென்றால், தமிழில் அதற்குச் சொல்லே இல்லை என்றுதானே ஆகிறது? அனுபவம் என்பதுகூட வடமொழி. அதிலும் பாதி போகம். அதனால்தான் எக்ஸ்பீரியன்ஸ் என்றே சொல்லிவிட்டுப் போகலாம் என்கிறேன்."

நண்பர் சொல்வதில் பாதி சரி. அனுபவம் வடமொழிதான். அநு என்றால் பின்தொடர்ந்து, கூடவே. பவம் என்றால் இருத்தல், ஆதல். ஒன்றோடு கூடவே இருந்து அதுவாக ஆவது. இது மட்டமான பொருளா? பன்னிரண்டாம் நூற்றாண்டில் கல்யாண நகரத்தில் பசவண்ணர் கூட்டிய சபைக்கு அனுபவ மண்டபம் என்று பெயர். அங்கே செருப்புத் தைக்கிறவரும் துணி வெளுக்கிறவரும் சமமாக உட்கார்ந்து பேசினார்கள் என்று மரபு சொல்கிறது. நம் வள்ளலார் தம் பாட்டுத் தொகுதி ஒன்றுக்கு அனுபவமாலை என்று பேர் வைத்தார். சொல் நல்ல சொல். அதன் ஒரு காலைப் பத்திர எழுத்தும் மறு காலை விளம்பர எழுத்தும் பிடித்து இழுத்ததில்தான் அது நொண்டிப் போனது.

தமிழில் சொல் இல்லை என்பதோ கலப்பில்லாத பொய். பட்டறிவு என்று ஒரு சொல் இருக்கிறதே, அதைவிட நேராக லத்தீன்காரன்கூடச் சொல்லவில்லை. பட்டு அறிவது பட்டறிவு. படு என்ற வினையைத் தமிழன் எங்கே எல்லாம் வைத்திருக்கிறான் என்று எண்ணிப் பாருங்கள். அடிபடுகிறோம், துன்பப்படுகிறோம், ஆசைப்படுகிறோம், வெட்கப்படுகிறோம், பாடுபடுகிறோம். உடம்பில் தோன்றும் உணர்ச்சிக்குத் தொல்காப்பியர் மெய்ப்பாடு என்று பெயரிட்டு, எட்டு வகை சொன்னார். மெய்யிலே படுவது என்று அந்தச் சொல்லே விளக்கிக்கொள்கிறது. படாமல் உணர்ச்சி இல்லை. பட்டால்தான் புத்தி வரும். மொழி இவ்வளவு தெளிவாகப் பேசுகிறது. நண்பருக்குத்தான் காது மந்தம்.

இன்னொரு சொல்லும் இருக்கிறது: சோதனை. பள்ளிக்கூடத்தில் விஞ்ஞான வாத்தியார் செய்வதும் சோதனை. குடும்பத்தில் அடுத்தடுத்து இடி விழுந்தால் கடவுள் செய்வதும் சோதனை. முயன்று பார்ப்பதும் துன்பம் வருவதும் ஒரே சொல்லில் கட்டுண்டு கிடக்கின்றன, பெரிகுலும் என்ற லத்தீன் சொல்லில் கிடப்பதைப் போலவே. காந்தி 1925 முதல் 1929 வரை தம் வாழ்க்கைக் கதையை நவஜீவன் பத்திரிகையில் வாராவாரம் குஜராத்தியில் எழுதினார். அதற்குத் தம் சத்தியப் பரிசோதனைகள் என்ற பொருளில்தான் பெயரிட்டார். தமிழில் அது சத்திய சோதனை ஆயிற்று. மூலத்தில் இருந்தது பரிசோதனை மட்டும். தமிழில் வந்தபோது, சத்தியம் அவரைப் படுத்திய பாடும் தானாகச் சேர்ந்துகொண்டது. மொழிபெயர்ப்பில் பொருள் குறையும் என்பார்கள். இங்கே கூடியிருக்கிறது.

அதற்காக நாளைக்கே எல்லோரும் அனுபவத்தை அடித்துவிட்டுப் பட்டறிவு என்று எழுதுங்கள் என்று நான் கொடி பிடிக்கவில்லை. சொல்லை மாற்றினால் காரியம் மாறிவிடும் என்று நம்புகிற தனித்தமிழ் அன்பர்களிடமும் எனக்குச் சண்டை உண்டு. அந்தத் துண்டுப் பிரசுரத்தில் 'எங்கள் விடுதியில் தங்கிக் கிராமத்துப் பட்டறிவு பெறுங்கள்' என்று அச்சிட்டிருந்தால் நீங்கள் சிரிப்பீர்கள். ஏன் சிரிப்பு வருகிறது? பட்டறிவை விற்க முடியாது என்று உங்களுக்குள்ளே யாருக்கோ தெரிந்திருக்கிறது. அந்த யாரோ ஒருவரிடம்தான் நான் இவ்வளவு நேரமும் பேசிக்கொண்டிருக்கிறேன்.

திருவண்ணாமலையை வைத்துப் பேசிவிட்டு ரமணரைச் சொல்லாமல் போனால் வாசகர்கள் விடமாட்டார்கள். எனக்கும் அவர் வேண்டியிருக்கிறார். 1896-ஆம் வருஷம், ஜூலை மாதம், மதுரையில் சொக்கப்ப நாயக்கன் தெரு. பதினாறு வயதுப் பையன் ஒருவனுக்குத் திடீரென்று சாவு பயம் வந்தது. வைத்தியரையும் கூப்பிடவில்லை, வீட்டாரையும் கூப்பிடவில்லை. பிணத்தைப் போலக் கை கால்களை விறைத்து நீட்டிப் படுத்து, மூச்சை அடக்கி, உதட்டை இறுக மூடிக்கொண்டு, செத்தால் எது சாகிறது என்று பார்த்தான். இதை மரண அனுபவம் என்கிறார்கள். சொல்லின் பழைய பொருளில் இது பூரணமான அனுபவம்: பயத்தை முன்னால் நிறுத்தி, தன்னையே பணயமாக வைத்துச் செய்த சோதனை. விளைவையும் அவனே ஏற்றான். சில வாரங்களில் அண்ணனின் பள்ளிக்கூடச் சம்பளப் பணத்தில் மூன்று ரூபாயை எடுத்துக்கொண்டு புறப்பட்டான். செப்டம்பர் முதல் தேதி அண்ணாமலைக்கு வந்து சேர்ந்தவன் 1950-ல் உடம்பு விழும்வரை இந்த மலையை விட்டுப் போகவில்லை.

அதே ஆசிரமத்துக்கு 1938-ல் சாமர்செட் மாம் என்ற ஆங்கில நாவலாசிரியர் வந்தார். வந்த இடத்தில் மயங்கி விழுந்துவிட்டார். மகரிஷி அவரை வந்து பார்த்துவிட்டுப் போனார். நடந்தது அவ்வளவுதான். ஆனால் நாவலாசிரியர் பரமானந்தத்தில் ஆழ்ந்துவிட்டார் என்று தேசமெல்லாம் கதை பரவியது. மாம் நாணயஸ்தர். மயக்கம் தமக்குப் பழைய பழக்கம், வேறொன்றும் தமக்குத் தெரியாது என்கிற தோரணையில் பிற்காலத்தில் எழுதி வைத்தார். இருந்தாலும் ஊர் விடவில்லை. அனுபவம் யாருக்கு நேர்ந்ததோ அவன் இல்லை என்கிறான். பார்க்காதவர்கள் உண்டு என்கிறார்கள்! அன்று அது பக்தியால் நேர்ந்த தவறு. இன்று அதே தவற்றை ரொக்கத்துக்குச் செய்கிறார்கள்.

பெரியவர்கள் கதையை விட்டு மறுபடி ஆயா வீட்டுக்கு வருகிறேன். ஆயாவுக்கு ஒரு பேரன். பள்ளிப் படிப்பு முடித்து, பிறகு ஆழ்துளைக் கிணறு போடுகிற லாரியில் மூன்று வருஷம் வேலை பார்த்தவன். குழாய் இறங்குகிற சத்தத்தைக் கேட்டே பாறை எத்தனை அடியில் மாறுகிறது என்று சொல்லுவான். இடது கையில் ஒரு விரலின் நுனி இல்லை. பட்டணத்தில் ஒரு கம்பெனியில் இயந்திர வேலைக்கு மனுப் போட்டான். அனுபவம் உண்டா என்று கேட்டார்கள். உண்டு என்றான். அனுபவச் சான்றிதழ் எங்கே என்றார்கள். லாரிக்காரர் அப்படி ஒரு காகிதம் யாருக்கும் கொடுத்ததில்லை. அனுபவம் இல்லை என்று எழுதி அனுப்பிவிட்டார்கள். அவனோடு போன இன்னொரு பையன் எங்கேயோ பணம் கட்டி வாங்கிய இரண்டு வருஷக் காகிதத்தை நீட்டினான்; வேலை கிடைத்தது.

பாட்டிக்குப் பத்திரம் இல்லை, ஆகவே அனுபவம் இல்லை. பேரனுக்குச் சான்றிதழ் இல்லை, ஆகவே அனுபவம் இல்லை. ஒரு குடும்பத்தில் இரண்டு தலைமுறையிடமிருந்து ஒரே சொல்லைப் பிடுங்கியிருக்கிறோம். பிடுங்கிய சொல்லைத்தான் வழவழப்பான காகிதத்தில் அச்சிட்டுப் பஸ் நிலையத்தில் கொடுக்கிறோம். இதைப் பார்த்த பிறகும், வெறும் சொல்தானே, இதற்கு ஏன் இவ்வளவு ஆத்திரம் என்று கேட்கிறவர்கள் கேட்கலாம். எனக்குச் சொல்தான் பிழைப்பு. தராசில் கள்ள எடை போட்டால் செட்டியாருக்குக் கோபம் வராதா?

சரி, எது அனுபவம் என்று எப்படிக் கண்டுபிடிப்பது? நான் மூன்று கேள்விகள் வைத்திருக்கிறேன். எதைப் பணயம் வைத்தாய்? எதை இழந்தாய்? இழந்த பின் எதை அறிந்தாய்? மூன்றுக்கும் பதில் இருந்தால் அனுபவம் என்று சொல்லிக்கொள். இல்லாவிட்டால் பொழுதுபோக்கு என்று சொல். பொழுதுபோக்கு ஒன்றும் பாவமில்லை. வருஷக் கணக்கைக் காட்டி ஏமாற்றாதே. இருபது வருஷம் ஒரே தவற்றைச் செய்கிறவனுக்கு இருபது வருஷ அனுபவம் என்பது நம் அலுவலகக் கணக்கு. அவன் ஒன்றுமே படவில்லை. பட்டதெல்லாம் அவனிடம் மனுக் கொடுக்க வந்தவர்கள்.

ஆயாவை இந்தக் கேள்விகளால் சோதித்துப் பார்த்தேன். ஒரு வருஷம் விவசாய அதிகாரி வந்து, விதைத்து நாற்பத்தைந்து நாளில் ஏக்கருக்கு 160 கிலோ ஜிப்சம் போட்டு மண் அணைத்தால் காய் திரட்சியாக இருக்கும் என்று சொன்னாராம். ஆயா நம்பவும் இல்லை, மறுக்கவும் இல்லை. ஓரத்தில் நாலு வரிசைக்கு மட்டும் போட்டுப் பார்த்தாள். அறுவடையில் அந்த நாலு வரிசையின் காயைத் தனியாக அளந்தாள். மறு வருஷம் நிலம் முழுவதும் போட்டாள். அந்த வருஷம் மழை ஏமாற்றியது. போட்ட காசும் போயிற்று. "மானம் பார்த்த பூமியிலே காசை மொத்தமா மண்ணுலே கொட்டக் கூடாதுன்னு அப்பத்தான் தெரிஞ்சுது தம்பி" என்றாள். பக்கத்திலே திண்டிவனத்தில் எண்ணெய்வித்து ஆராய்ச்சி நிலையம் இருக்கிறது. அங்கே பாத்தி பாத்தியாகச் செய்வதும் இதுதான். அதற்குப் பெயர் எக்ஸ்பெரிமெண்ட். ஆயா செய்ததற்குப் பெயர் எக்ஸ்பீரியன்ஸ். ஒரு வித்தியாசம்: நிலையத்தில் பயிர் பொய்த்தால் அறிக்கை எழுதுவார்கள். ஆயா வீட்டில் பயிர் பொய்த்தால் கழுத்திலே கிடந்தது அடகுக்குப் போகும்.

கடைசியாக, எழுத்தாளர்களாகிய எங்களுக்கு வருகிறேன். அனுபவம்தான் இலக்கியம் என்று நாங்கள் மேடைக்கு மேடை முழங்குகிறோம். அந்த அனுபவத்தைச் சேகரிக்க நோட்டுப் புத்தகத்தோடு கிராமத்துக்குப் போகிறோம். மூன்று நாள் தங்கி, நாலு சொலவடையும் இரண்டு வசவும் பொறுக்கிக்கொண்டு வந்து, மண்ணின் அனுபவம் என்று முன்னுரையில் எழுதிக்கொள்கிறோம். அந்த விடுதிக்காரர் செய்வதற்கும் இதற்கும் என்ன பேதம்? அவர் வேர்க்கடலை பிடுங்க வைக்கிறார். நாங்கள் வேர்க்கடலை பிடுங்கியவளின் வாயைப் பிடுங்குகிறோம். நோட்டுப் புத்தகத்தை விரித்துக்கொண்டு உட்கார்ந்த அந்தச் சாயங்காலம் நான் பணயம் வைத்தது எது? பஸ் சார்ஜ். அதையும் சித்தி போகும்போது என் சட்டைப் பையில் வைத்துவிட்டாள்.

புறப்படுகிற அன்று அந்தத் துண்டுப் பிரசுரத்தை ஆயாவுக்குப் படித்துக் காட்டினேன். பட்டணத்துக்காரர்கள் காசு கொடுத்து வந்து மல்லாட்டை பிடுங்குவார்கள் என்று விளக்கினேன். அவளுக்குப் புரிய நேரமாயிற்று.

"பிடுங்கினா அவங்களுக்குக் கூலி குடுப்பாங்களா?"

"இல்லை ஆயா. இவங்கதான் கொடுக்கணும்."

ஆயா வெகுநேரம் சிரித்தாள். சிரித்து முடித்து, முறத்திலிருந்து ஒரு காயை எடுத்து என் கையில் கொடுத்து, "முத்தினதா, பிஞ்சா, சொல்லு பார்ப்போம்" என்றாள். நான் ஓட்டை உடைத்து உள்பக்கத்தைப் பார்த்தேன். வெள்ளையும் இல்லை, கறுப்பும் இல்லை. இரண்டுக்கும் நடுவே ஒரு பழுப்பு நிறம். நோட்டில் எழுதியிருந்ததை எல்லாம் மனசுக்குள் புரட்டினேன். அதற்கு அங்கே பதில் இல்லை.

தெரியவில்லை என்றேன். ஆயா வாங்கிப் பார்த்தாள். "இன்னும் நாலு நாள் விட்டிருக்கணும்" என்று சொல்லிவிட்டு, பருப்பை வாயில் போட்டுக்கொண்டாள்.